பொம்மை யாரிடம் சொல்லும்?

பொம்மைக் காரைக் கவிழ்த்துப் பிடித்து, சக்கரத்தை ஒரு விரலால் சுண்டிவிட்டு, அது சுற்றி ஓயும்வரை கண்ணெடுக்காமல் பார்த்து, ஓய்ந்ததும் மறுபடி சுண்டிவிடும் குழந்தையை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். எல்லாக் குழந்தைகளும் எப்போதாவது அப்படிச் செய்யும். சில குழந்தைகள் அதை மட்டுமே செய்யும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோட்டை அந்தக் காரைக் கொண்டே போட்டுவிட முடியுமா என்று டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் ஹாதி மொராதியும் அவருடைய குழுவினரும் முயன்றார்கள். காருக்குள் அசைவை அளக்கும் சிறிய சென்சார் ஒன்றை வைத்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் இல்லாத குழந்தைகளுக்கும் அதை விளையாடக் கொடுத்தார்கள். விளையாடிய விதத்தை மட்டும் வைத்து, 100க்கு 85 என்ற அளவில் கணினி சரியாகப் பிரித்துச் சொன்னது. 2017இல் வெளியான ஆய்வு இது. இதைப் படித்ததிலிருந்து ஒரு சங்கடம் என்னுள் தங்கிவிட்டது. அதை எதிர்ப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த ஆய்வாளர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. பயம் என்றும் சொல்ல முடியாது. தன்னைக் கையில் எடுத்தவரைப் பற்றி ஒரு பொம்மை குறிப்பெடுத்துக்கொள்கிறது, எடுத்தவருக்கோ இரண்டு வயதோ மூன்று வயதோதான் ஆகிறது என்பதில் ஏதோ நெருடுகிறது. அது என்னவென்று பிடிபடுமா என்று பார்க்கத்தான் எழுதத் தொடங்கினேன்.

சென்சார் செய்யும் வேலை எளிமையானது. மேல்கீழ், இடவலம், முன்பின் என மூன்று திசைகளில் தன் வேகம் எப்படி மாறுகிறது என்பதை அது நொடிக்குப் பல முறை அளந்து எண்களாக எழுதிக்கொண்டே போகும். தரையில் உருட்டினால் ஒருவகை எண்வரிசை. அந்தரத்தில் பிடித்துச் சக்கரத்தைச் சுண்டினால் வேறுவகை. சுவரில் எறிந்தால் சட்டென்று எகிறி விழும் ஓர் உச்சம். கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் திரையும் கூடவே திரும்புகிறதே, அதைச் செய்வதும் இதே வகைச் சென்சார்தான். டெஹ்ரானுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 2008 வாக்கில், அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக்கில் கிரெகரி அபவுடும் தாட் ஸ்டார்னரும் இருந்த குழு, விளையாட்டுச் சாமான்களுக்குள் சென்சார்களைப் பொதிந்து, குழந்தை எதைக் குலுக்குகிறது, எதை எறிகிறது, எதை எதன்மேல் வைக்கிறது என்று தானாகவே அறிய முயன்றது. அபவுட், ஆட்டிசம் உள்ள இரண்டு மகன்களின் தந்தை. இந்தத் துறைக்குள் வருபவர்களில் பலரும் இப்படித் தம் வீட்டுத் தரையிலிருந்து கிளம்பி வந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு இதைப் பற்றிப் பேசக் கூடாது. ஆனாலும் காருக்குள் இருக்கும் சென்சாருக்குத் தெரியாத சங்கதிகளை நான் எண்ணிப் பார்க்கிறேன். சக்கரத்தைச் சுண்டிய பிறகு குழந்தை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்ததா? அம்மா அப்போது சிரித்தாளா, அடுப்பில் பொங்கும் பாலைப் பார்த்து ஓடினாளா? காரைத் தான் தொடாமல், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் அவள் கையால் காரை எடுக்கவைத்ததா? இந்தக் கடைசிச் செயல் மருத்துவர்கள் தேடிப் பார்க்கும் அறிகுறிகளில் ஒன்று. கார் அதை அறியும்போது யாரோ தன்னைத் தூக்கினார்கள் என்று மட்டும்தான் அறியும். குழந்தை மணிக்கட்டைப் பிடித்து இழுத்த அந்த நேரம் முழுவதும் அதன் குறிப்பில் வெறும் அசைவின்மையாகப் பதிவாகியிருக்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியவில்லை. பேசாத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்கள் கண்முன் வருகிறார்கள். “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்” என்பார் மாமியார். “இவங்கப்பனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்” என்று ஒரு சாட்சியமும் சேர்ந்துகொள்ளும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளைக்குக் காதுப் பரிசோதனை நடக்கும்; காது நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வரும்; அந்த நிம்மதியில் இன்னும் ஓராண்டு போய்விடும். இரண்டு வயதுக்கு முன்பே அடையாளங்கள் தெரிகின்றன என்கிறார்கள். அமெரிக்காவில்கூட உறுதிப்படுத்தப்படும் வயது சராசரியாக நான்கை ஒட்டித்தான் இருக்கிறது. நம் ஊரில் மாவட்டத் தலைநகர் வரை பஸ் ஏற வேண்டும். பினாயில் வாசமும் டியூப்லைட்டின் ரீங்காரமும் நிறைந்த ஓர் அறையில், தூக்கம் கெட்டு, இட்லி இறங்காமல், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் குழந்தை எப்படி நடந்துகொள்கிறதோ அதை வைத்துத் தாள்களில் டிக் போடுவார்கள். நம் நாட்டில் ஆட்டிசத்துக்கு ஊனமுற்றோர் சான்றிதழ் தரப் பயன்படும் அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண். அதில் ஒரு பகுதி தாயின் நினைவைக் கேட்டு நிரப்பப்படுவது. களைத்துப்போன ஒருத்தியின் நினைவைவிட, குழந்தையின் வீட்டிலேயே, அதன் பாயிலேயே, அதற்குப் பிடித்த நேரத்தில் கூட இருந்த ஒரு பொம்மையின் குறிப்பு நேர்மையாக இருக்காதா என்று யாராவது கேட்டால், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டெல்லியில் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போய் ஒரு வேலை நடந்திருக்கிறது. ஸ்டார்ட் என்று பெயர். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீஷ்மதேவ் சக்ரவர்த்தி, கோவாவில் தொடங்கிய சங்கத் அமைப்பு, டெல்லி எய்ம்ஸ் ஆகியோர் சேர்ந்து செய்தது. சிறப்பு மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத சுகாதாரப் பணியாளர்கள் ஒரு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள். திரையில் மிதக்கும் குமிழியை உடைப்பது, பறக்கும் பட்டாம்பூச்சியை விரலால் துரத்துவது என்று சிறுசிறு விளையாட்டுகள். குழந்தையின் விரல் எங்கே, எவ்வளவு வேகமாக, எத்தனை நடுக்கத்தோடு போனது என்பதைக் கண்ணாடித் திரை எழுதிக்கொண்டது. 2 முதல் 7 வயதுவரையுள்ள 131 குழந்தைகள். வளர்ச்சியில் ஏதோ ஒரு வேறுபாடு உள்ள குழந்தைகளை 86 சதவீதத் துல்லியத்தோடு கண்டுகொள்ள முடிந்தது. அது ஆட்டிசம்தானா என்று குறிப்பாகப் பிரிக்கும்போது துல்லியம் 78க்கு இறங்கியது. 2023இல் வந்த இந்த முடிவில் எனக்குப் பிடித்தது சதவீதத்தைவிட இன்னொன்று. அந்த டேப்லெட் தனியாகப் போகவில்லை; ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு படியேறி, செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, பாயில் உட்கார்ந்தார்.

குழந்தையின் விளையாட்டைக் குறித்துவைக்கும் ஆசை சென்சாரோடு பிறந்ததல்ல. 1938இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து ஒரு தந்தை, பால்டிமோரில் இருந்த லியோ கானர் என்ற மருத்துவருக்குத் தன் ஐந்து வயது மகனைப் பற்றித் தட்டச்சில் 33 பக்கம் எழுதி அனுப்பினார். மகன் டொனால்டு டிரிப்லெட், சட்டி, கட்டை என்று கிடைத்ததையெல்லாம் தரையில் சுழலவிட்டு அதில் மூழ்கிப் போகிறவன். 1943இல் கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முதல் குழந்தை அவன்தான். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வதன் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிற்பாடு 1994இல் ஜூலி ஆஸ்டர்லிங், ஜெரால்டின் டாசன் என்ற இருவர் குழந்தைகளின் முதல் பிறந்தநாள் வீடியோக்களை வாங்கிப் பார்த்தார்கள். பெற்றோர் ஆசைக்காக எடுத்த படங்கள். பின்னாளில் ஆட்டிசம் உறுதியான 11 குழந்தைகள், அப்படி ஆகாத 11 குழந்தைகள். பலூன்களுக்கும் கேக்குக்கும் நடுவே குழந்தை எத்தனை முறை மற்றவர்களின் முகத்தைப் பார்த்தது என்பதே இரு சாராரையும் பிரித்துக் காட்டிய மிக வலுவான அடையாளமாக இருந்தது. கடிதம், வீடியோ, டேப்லெட், சென்சார் வைத்த கார் என்று இந்த வரிசையை எழுதிப் பார்த்தபோதுதான் நெருடல் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் புலப்பட்டது. கடிதத்தை எழுதியவர் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தார். 33 பக்கமும் அவருடைய குழப்பத்தையும் பாசத்தையும் சுமந்து போயின; படித்தவர் பிள்ளையை வரவழைத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வீடியோவை எடுத்த கைகளும் உறவுக் கைகளே. காரில் உள்ள சென்சாரின் குறிப்பை எழுதியவர் என்று யாரும் இல்லை. அது போய்ச் சேரும் இடத்திலும் அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

துல்லியம் என்ற சொல்லின் முன்னால் நாம் எளிதில் தலைகுனிந்துவிடுகிறோம். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் டெலாஃபீல்டு-பட் பங்கேற்ற 2016ஆம் ஆண்டு ஆய்வில், டேப்லெட்டில் விளையாடும் விரலசைவை மட்டும் வைத்து 93 சதவீதம்வரை சரியாகப் பிரிக்க முடிந்தது. அதில் ஆட்டிசம் உள்ளவர்கள் 37 பேர், இல்லாதவர்கள் 45 பேர். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. தெருவில் நிலைமை அப்படி இல்லை. 1,000 குழந்தைகளில் 10 பேருக்கு ஆட்டிசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருப்பவர், இல்லாதவர் என இரு பக்கமும் 100க்கு 90 சரியாகச் சொல்லும் ஒரு பொம்மையை அத்தனை வீட்டுக்கும் கொடுத்தால், அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேரை அது கண்டுபிடிக்கும். மீதி 990 பேரில் 99 பேரையும் சேர்த்துக் கைகாட்டும். ஆக 108 வீடுகளுக்குச் செய்தி போகும். அவற்றில் 99 வீடுகள் வீணாகக் கலங்கும். இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. பிறந்தநாள் வீடியோ பார்த்த அதே டாசன் பின்னர் டியூக் பல்கலைக்கழகத்தில் கியர்மோ சபிரோவோடு சேர்ந்து ஒரு செயலியை உருவாக்கினார். வழக்கமான பரிசோதனைக்கு வந்த 475 மழலைகளிடம் அதைச் சோதித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 100க்கு 88 பேரை அது பிடித்தது. ஆனால் அது கைகாட்டிய குழந்தைகளில் உண்மையில் ஆட்டிசம் இருந்தது ஏறக்குறைய 100க்கு 40 பேருக்குத்தான். மிகச் சிறந்த குழு, மிகக் கவனமான வேலை. அப்படியும் இதுதான் நிலை. சல்லடை என்ற அளவில் இது நல்ல சல்லடைதான். சலித்து எடுத்ததை உட்கார்ந்து பொறுக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே. அந்த ஆளுக்கான சம்பளத்தைப் பொம்மையின் விலையில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆட்டிசம் இல்லாத குழந்தை காரை எப்படி ஓட்டும் என்பதைக் கணினி எங்கிருந்து கற்றுக்கொண்டது? கார் பொம்மை ஏற்கெனவே பழகிய குழந்தைகளிடமிருந்துதான் பெரும்பாலும் கற்றிருக்க முடியும். வாழ்நாளில் முதல் முறையாக அப்படி ஒரு பளபளப்பான காரைக் கையில் வாங்கும் செங்கல் சூளைக் குழந்தை அதைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் அது அறிகுறியா, ஆர்வமா? மருத்துவர்கள் நேரில் அமர்ந்து செய்யும் பெயர்பெற்ற ஏடாஸ் சோதனையில் பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடும் பாவனை விளையாட்டு ஒன்று உண்டு. அப்படியொரு கொண்டாட்டத்தைப் பார்த்தறியாமல், சொப்பில் மண்ணைக் கரைத்துச் சோறு பொங்கி, இலையைப் பறித்துக் கூட்டு வைத்து, தன் தங்கைக்கு ஊட்டிவிடும் குழந்தையின் கற்பனைக்கு என்ன குறை? ஆனால் மெழுகுவத்தியை ஊதாத குழந்தையைப் பார்த்து, ‘சரி, இவளுக்கு வேறு விளையாட்டைக் கொடுத்துப் பார்ப்போம்’ என்று நினைக்க எதிரில் இருக்கும் மனிதருக்கு முடியும். அவர் குமிழி ஊதுவார், நிறுத்துவார், குழந்தை தன்னை நிமிர்ந்து பார்க்கிறதா என்று காத்திருப்பார், பார்த்தால் தானும் சிரிப்பார். அவரும் விளையாட்டுக்குள் இருக்கிறார். சுழற்சியின் மீதான மோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். தெருமுனையில் பம்பரத்தைச் சாட்டையால் சுற்றிச் சுற்றி ஒரு மாலை முழுக்க விட்டுக்கொண்டிருக்கும் சிறுவனை யாரும் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை. ஒரே செயலைத்தான் அவனும் திரும்பத் திரும்பச் செய்கிறான். பம்பரத்தின் உறுமலில், அதன் ஆணி மண்ணில் போடும் குழியில், உள்ளங்கையில் ஏந்தும்போது வரும் குறுகுறுப்பில் அவனுக்கும் அதே மயக்கம்தான். வேறுபாடு, அவனைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள்; அவர்கள் பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிகிறது. சென்சார் பம்பரத்துக்குள் இருந்தால் அந்த நாலு பேரும் அதற்கு இல்லை.

இங்கேதான், சக்கரம் சுற்றும் குழந்தையின் சந்தோஷத்தை நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி வருகிறது. எண்ணாக மாறும்போது அது விலகலின் அளவு. குழந்தைக்கு அது அன்றைய நாளின் மிக நல்ல நேரமாக இருந்திருக்கலாம். வேகத்தில் ஆரங்கள் மறைந்து வட்டமாவதும், தளர்கையில் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதும் பார்க்க உண்மையிலேயே அழகானவை. டொனால்டு டிரிப்லெட் சட்டிகளைச் சுழற்றியவர்தான். பின்னர் தன் ஊரில் வங்கியில் வேலை பார்த்தார், காரோட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகப் பல நாடுகளைச் சுற்றினார், 2023இல் தன் 89ஆம் வயதில் இறந்தார். வசதியான குடும்பம் அவருக்கு இருந்தது, ஊர் அவரை அவர் போக்கில் ஏற்றுக்கொண்டது என்பதும் சேர்ந்ததுதான் அந்த வாழ்க்கை. எல்லா ஆட்டிசக் குழந்தைகளுக்கும் அப்படி அமையும் என்று சொல்லி யாரையும் ஏமாற்ற மாட்டேன். பேச்சே வராதவர்கள் உண்டு, தலையைச் சுவரில் மோதிக்கொள்பவர்கள் உண்டு, ராத்திரி முழுக்கத் தூங்காத வீடுகள் உண்டு. சீக்கிரம் தெரிவது அவர்களுக்கு உதவும் என்பதால்தான் இந்தப் பொம்மையை நிராகரிக்க எனக்கு மனம் வரவில்லை.

பதிவு செய்வதை வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு ஒரு நல்ல சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் ஜொனாதன் கிரீன் குழுவினர் உருவாக்கிய ஒரு பயிற்சிமுறையை, கௌரி திவான் உள்ளிட்டவர்கள் தெற்காசியாவுக்கு ஏற்பத் திருத்தி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களோடு சோதித்தார்கள். முடிவு 2016இல் வெளியானது. அங்கேயும் வீட்டுக்குப் போனவர்கள் சிறப்பு மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். அங்கேயும் ஒரு பதிவு உண்டு: பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுப்பார்கள். ஆனால் அதைப் பெற்றோரிடமே போட்டுக் காட்டுவார்கள். ‘இந்த இடத்தைப் பாருங்கள், நீங்கள் பேசாமல் காத்திருந்தீர்கள், அவன் உங்களைத் திரும்பிப் பார்த்தான்’ என்று விரல்வைத்துக் காட்டுவார்கள். கேள்விகளால் குழந்தையைத் துளைக்காமல், அது பார்ப்பதைத் தானும் பார்க்க, அது சக்கரத்தைச் சுற்றினால் பக்கத்தில் குனிந்து அந்தச் சக்கரத்தைத் தானும் ரசிக்க, மெல்ல மெல்லப் பெற்றோர் பழகுகிறார்கள். குழந்தையோடு இசைந்துபோவது பெற்றோருக்குக் கூடியது. குழந்தை தானாகவே தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியது. அதே சக்கரம், அதே சுற்று. காரின் குறிப்பில் அது அடையாளம். இங்கே அது உள்ளே நுழையும் வாசல். இரண்டுமே பதிவுதான். ஒன்று எங்கோ போய் மதிப்பெண்ணாகத் திரும்பி வருகிறது. மற்றொன்று தாயின் கைக்கே வந்து, நாளைக்கு எப்படி விளையாடலாம் என்று சொல்லித்தருகிறது. என் சங்கடத்தின் வேர் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பொம்மை கவனிப்பதில் எனக்குள்ள வருத்தம் குறைந்துவிட்டது. கவனித்ததை அது யாரிடம் சொல்லும் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

இதில் சட்டத்துக்கும் வேலை உண்டு. குழந்தையோடு பேசும் கேய்லா என்ற பொம்மையை மறைவான ஒட்டுக்கேட்புக் கருவி என்று அறிவித்து 2017இல் ஜெர்மனி தடைசெய்தது. வீட்டில் இருந்தால் அழித்துவிடுமாறு பெற்றோரிடம் சொன்னது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்கிறது; அதன் விதிகள், குழந்தையின் நலம் காக்கத் தேவையான அளவுக்கு மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் விலக்கு அளிக்கின்றன. கடையில் விற்கும் பொம்மை அந்த விலக்கின் நிழலில் நுழைந்துவிடக் கூடாது. மூன்று வயதில் ஒரு சிறுவன் காரை எப்படிப் பிடித்தான் என்ற குறிப்பு பதினெட்டு வயதில் அவனுக்குக் காப்பீடோ கல்லூரி இடமோ மறுக்கப்படக் காரணமாகக் கூடாது.

ஆகவே, இத்தகைய பொம்மைகளைச் செய்கிறவர்களிடமும், நாளை அவற்றை அங்கன்வாடிகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கப்போகும் அரசிடமும் கேட்டுக்கொள்ள எனக்கு இருப்பது இவ்வளவுதான். பொம்மையின் குறிப்பை முதலில் பார்ப்பவர் அந்தக் குழந்தையின் தாயோ தந்தையோ ஆக இருக்கட்டும். அது வெறும் எண்ணாக இல்லாமல், அவர்களுக்குப் புரிகிற ஒரு காட்சியாக இருக்கட்டும். அதைப் பார்க்கும்போது பக்கத்தில் அமர்ந்து விளக்கவும், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வந்து கூடவே விளையாடவும், பயிற்சியும் ஒழுங்கான சம்பளமும் உள்ள ஒருவர் இருக்கட்டும். காத்திருப்பவர்களின் வலி தெரிந்தேதான் அடுத்ததையும் சொல்கிறேன்: அப்படி ஒருவரை அனுப்ப வழியில்லாத ஊருக்கு, அவரை ஏற்பாடு செய்யும்வரை, அந்தப் பொம்மையை அனுப்பாதீர்கள்.